வீட்டு வரியில் ஆறு தம்படி

1931-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. மீட்டர் அகல இருப்புப்பாதை. 1500 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த தாம்பரம், சென்னையில் அலுவல் பார்ப்போர் குடியிருக்கும் ஊராக மாறுவதற்கு இந்த ரயிலே வழி திறந்தது.

அதே 1931-ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றியது அது. எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன். அவ்வாண்டு அக்டோபர் மாதம் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள். கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. ஊர் ஊராகச் சென்று, எழுத்தறிந்தோர்க்கு நூல்களை இரவல் கொடுத்தும், எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டச் செய்தும் அந்த வண்டி பணி புரிந்தது.

மின்ரயில், ஒரு புத்தகம், ஒரு மாட்டு வண்டி. இம்மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். மூன்றும் தொலைவு என்னும் ஒரே சிக்கலைத் தீர்க்க முயன்றவை. நகரின் நடுவே குவிந்து கிடப்பதை, நகருக்கு வெளியே இருப்பவனும் பெறுவது எப்படி? ரயில் துறை அதற்குக் கம்பியும் தண்டவாளமும் போட்டது. நூல்களுக்கு எதைப் போடுவது? அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை. விடையில் பாதி கிடைத்தது. மீதிப் பாதி இன்னும் கணக்கில் நிற்கிறது.

பூட்டிய பெட்டகங்கள்

பழங்காலத்தில் நூல் என்பது காக்கப்பட வேண்டிய செல்வம். ஐரோப்பிய மடங்களில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். நம் நாட்டில் சங்கிலி இல்லை. ஆனால் ஏட்டுச் சுவடி பட்டுத் துணியில் சுற்றப்பட்டு மடத்துப் பெட்டியிலோ புலவர் வீட்டுப் பரணிலோ இருந்தது. அதைக் காணும் உரிமை சிலருக்கே. தஞ்சை அரண்மனையின் சரசுவதி மகால் நூலகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1918-இல்தான்.

சென்னையில் கன்னிமாரா பொது நூலகம் 1896 டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு விதையாக அமைந்தவை, இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போய்ச் சென்னைக்கு அனுப்பப்பட்ட சில நூறு புத்தகங்கள். 'பொது' என்னும் சொல் பெயரிலேயே இருந்தது. ஆயினும் முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து படித்துச் செல்லும் இடமாகத்தான் இருந்தது. வேலை நாளில், அலுவல் நேரத்தில், எழும்பூருக்கு வந்து உட்கார யாரால் முடியும்? வழக்கறிஞரால் முடியும், ஓய்வூதியம் பெறுபவரால் முடியும். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரால் முடியுமா?

ஊர்களில் படிப்பகங்கள் இருந்தன. அவை சந்தா கட்டுவோருக்கு உரியவை. சந்தாவை விடக் கடினமான தடை ஒன்றும் உண்டு. ஒரு தெருவுக்குள் காலெடுத்து வைக்கவே கூடாது என்று ஒருவனைத் தடுத்த ஊரில், அத்தெருவில் இருந்த படிப்பகம் அவனுக்குப் படிப்பகமே இல்லை. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு, அரசின் பணத்தால் நடைபெறும் பொது இடங்களிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என விதித்தது. பொது நூலகம் என்னும் சொல் அப்பிரிவில் இல்லை; எனினும் அரசுப் பணத்தில் நடக்கும் நூலகம் அதனுள் அடங்கும். நூலகம் அரசுப் பணத்தில் நடப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இது ஒரு காரணம். தனியார் தருமத்தில் நடக்கும் படிப்பகத்தில் நுழைபவன் விருந்தாளி. வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில் நுழைபவன் உரிமைக்காரன்.

கணக்கு ஆசிரியர் நூலகரானார்

ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் மங்களூரிலும் கோவையிலும் அரசுக் கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். (இயற்பியல் ஆசிரியர்களாகிய நாங்கள் அவரை எங்களவர் என்று சொல்லிக்கொள்வதில் சிறிது பெருமைப்படுவதுண்டு.) 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் அமர்ந்தார்.

அமர்ந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாணவர் கூட்டத்தின் நடுவே இருந்து பழகியவருக்கு, யாரும் வராத நூலகத்தின் தனிமை தாங்க முடியவில்லை. சில நாட்களிலேயே, பழைய வேலையைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்கச் சென்றுவிட்டார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பின்னும் பிடிக்கவில்லை என்றால் ஆசிரியர் வேலைக்குத் திரும்பலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அங்கே அவர் கண்டது இரண்டு. ஒன்று, நூல்களை வகைப்படுத்தும் முறைகளின் குறை. ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது, சில துண்டுகளை வெவ்வேறு விதமாக இணைத்து எண்ணற்ற பொம்மைகள் செய்வதைப் போல, சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எந்த நூலின் பொருளையும் குறிக்கலாமே என்று தோன்றியதாம். 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறை இதன் விளைவு. அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

அவர் கண்ட இரண்டாவது செய்தியே நமக்கு இங்கு வேண்டுவது. லண்டனை அடுத்த குராய்டன் போன்ற ஊர்களின் பொது நூலகங்களில் தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும் குழந்தைகளும் தாராளமாக வந்து, தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து, நூல்களை எடுத்துச் சென்றனர். யாரும் அவர்களிடம் சந்தா கேட்கவில்லை. அவர்கள் முன்பே வரியாகக் கட்டிவிட்டிருந்தனர்.

1925-இல் திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் அடுக்கு வரை சென்று தாமே நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் நூலகப் பணி முழுவதையும் சில அடிப்படை விதிகளிலிருந்து பெற முடியுமா என்று அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார். நியூட்டன் மூன்று விதிகளிலிருந்து இயக்கவியலைக் கட்டியது போல என்று நாம் புரிந்துகொள்ளலாம். முதல் விதி கைக்கு அகப்படவில்லை. அப்பொழுது அவரைக் காண வந்தவர் அவருடைய பழைய கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ். மாணவரின் குழப்பத்தைக் கேட்டுவிட்டு, நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன என்பதுதானே உமது முதல் விதி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்ற நான்கும் பின்னாலேயே வந்தன. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகனைச் சேர வேண்டும். வாசகனின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள். சாரம் இவ்வளவே.

ராஸ் பணிபுரிந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல் அது, மின்ரயில் முடியும் தாம்பரத்திற்கு, சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது.

ஐந்து விதிகளில் இரண்டாவதுதான் புரட்சிகரமானது. 'ஒவ்வொரு வாசகனுக்கும்' என்றால் யார் யார்? ஆண் மட்டுமா, பெண்ணுமா? நகரத்தானா, நாட்டுப்புறத்தானா? கண் தெரிந்தவனா, தெரியாதவனா? விதி என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் விலக்கு வைக்க முடியாது. நியூட்டன் விதி சேலையூரில் ஒன்றாகவும் சைதாப்பேட்டையில் ஒன்றாகவும் இருப்பதில்லை அல்லவா? கணிதம் படித்தவர் விதி எழுதியதால் விளைந்த தொல்லை இது. அந்த விதியை நிறைவேற்றப் பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வியும் உடனே எழுந்தது.

அரைப் பென்னியும் அரையணாவும்

பிரிட்டனில் 1850-இல் வில்லியம் யூவர்ட் என்னும் உறுப்பினரின் முயற்சியால் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நகர மன்றம் ஒரு பவுன் வரி மதிப்பிற்கு அரைப் பென்னி வீதம் நூலக வரி விதிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கக் கூடாது! கட்டடம், விளக்கு, ஊழியர் ஆகியவற்றிற்கு மட்டும். புத்தகங்கள் தருமவான்களிடமிருந்து வரும் என்று சட்டம் எதிர்பார்த்தது. 1855-இல்தான் வரியை ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் இசைவளித்தார்கள். ஏழைகள் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று அக்காலத்துச் செல்வர்கள் கவலைப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

இந்தியாவில் வேறொரு வழியும் காட்டப்பட்டது. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1910-இல் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்துச் சமஸ்தானம் முழுவதும் இலவச நூலகங்களை அமைத்தார். நூல்களை மரப்பெட்டிகளில் அடுக்கிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார்கள். அரிய முயற்சி. ஆயினும் மன்னர் நல்லவராக இருக்கும் வரை நடக்கும் ஏற்பாடு அது. மன்னர் மாறினால்?

சட்டமே வேண்டும் என்று ரங்கநாதன் நினைத்தார். 1930 டிசம்பரில் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை அவர் முன்வைத்தார். 1933-இல் பஷீர் அகமது சையது சென்னைச் சட்ட மன்றத்தில் நூலக மசோதா ஒன்றைக் கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. நூலகத்திற்காகத் தனி வரியா என்பதே எங்கும் எழுந்த தடை.

விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. கோல்ஹாப்பூர் சமஸ்தானம் 1945-இலேயே ஒரு நூலகச் சட்டம் இயற்றியிருந்தது. எனினும் விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் மாநிலச் சட்டம் நம்முடையதே. அதன் பிறகு, 1949-இல்தான் யுனெஸ்கோ நிறுவனம் பொது நூலகங்களுக்கான தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்த ஒரு மாநிலம் இதைச் செய்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தறிவு வரட்டும், பிறகு நூலகம் கட்டுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

சட்டத்தின் உயிர் அதன் வரியில் இருந்தது. வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு ஆறு தம்படி நூலக வரி. இளைய வாசகர்களுக்குத் தம்படி தெரிந்திராது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்படி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. ஆறு தம்படி என்பது அரையணா, ரூபாயில் 32-இல் ஒரு பங்கு. தசம நாணயம் வந்தபின் அது 3 பைசா ஆயிற்று. பின்னர் 5 பைசா. அதன்பின் 10 பைசா. வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. மேற்கு வங்கம், மகாராட்டிரம் போன்ற மாநிலங்களின் நூலகச் சட்டங்களில் இப்படி ஒரு வரி இல்லை. சில மாநிலங்களில் நூலகச் சட்டமே இல்லை.

சட்டம் 1950 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றே கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. சென்னை நகருக்கு ஒன்றும் ஒவ்வொரு மாவட்டத்திற்கு ஒன்றுமாக நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எனப் பின்னாளில் கிளைத்து, இன்று மாநிலத்தில் நான்காயிரத்திற்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன.

தொடர்புடைய கலங்கள்

பள்ளியில் ஒரு சோதனை செய்து காட்டுவோம். வடிவில் வேறுபட்ட சில கண்ணாடிக் கலங்களை அடியில் ஒரு குழாயால் இணைத்து, ஒன்றில் மட்டும் நீர் ஊற்றினால், எல்லாவற்றிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். குழாயை அடைத்துவிட்டால், ஊற்றிய கலத்தில் மட்டுமே மட்டம் உயரும்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்திற்குள் இந்தக் குழாயைப் பொருத்தியது. நகராட்சியும் ஊராட்சியும் வசூலிக்கும் நூலக வரி, அந்தந்த ஊரின் நூலகத்திற்கே என்று இல்லாமல், மாவட்ட ஆணைக்குழுவின் பொது நிதியில் சேர வேண்டும். அன்று தாம்பரம், பல்லாவரம், மதுராந்தகம், உத்திரமேரூர் எல்லாம் செங்கற்பட்டு மாவட்டம். மின்ரயில் ஓரத்தில் வீடுகள் பெருகப் பெருக வீட்டு வரி பெருகியது. கூடவே நூலக வரியும். மதுராந்தகத்துச் சிற்றூரில் கூரை வீடுகளிலிருந்து வரும் வரி மிகக் குறைவு. ஆயினும் பணம் ஒரே நிதியில் சேர்வதால், தாம்பரத்து மாடி வீட்டின் வரியில் மதுராந்தகத்துப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்க வழி இருந்தது. தருமம் என்று எவரும் சொல்லாமலேயே நடக்கும் ஏற்பாடு. இதில் உள்ள நயத்தை நாம் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம்.

குழாய் அடைபடுவதும் உண்டு. வீட்டு வரியோடு வசூலான நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில்லை என்னும் குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. மற்றொரு சிக்கல் எல்லைக் கோடு. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் முதலிய தென் புறநகர்ப் பகுதிகள் உள்ளே வந்தன. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. தாம்பரமும் மதுராந்தகமும் செங்கல்பட்டில், உத்திரமேரூர் காஞ்சிபுரத்தில். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஆட்சி வசதிக்காக இப்படி எல்லைகள் மாறுவது இயல்பே. ஆனால் செழிப்பான புறநகர் ஒன்று மாவட்ட நிதியிலிருந்து நகர நிதிக்கு மாறுமானால், பின்னால் விடப்பட்ட சிற்றூர்களின் நீர்மட்டம் இறங்கும். எல்லைக் கோடு போடும்போது நூலகத்தை நினைத்துப் போடுவோர் உண்டோ என்பது ஐயமே.

கதவு வரை வருவது யார்?

பணம் ஒருபுறம் இருக்கட்டும். இலவச நூலகம் தெருக்கோடியில் இருந்தாலும் அது எல்லார்க்கும் சமமாகத் திறந்திருக்கிறதா?

காலையில் தாம்பரத்தில் மின்ரயில் ஏறுபவர் இரவு விளக்கு வைத்த பின்தான் இறங்குகிறார். அவர் வரும்போது கிளை நூலகம் பூட்டியிருக்கும். பகுதி நேர நூலகம் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேலைக்குப் போகிறவர் வரியைக் கட்டுகிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் செய்தித்தாளைப் படிக்கிறார் என்று என் மாணவர் ஒருவர் சொன்னார். கேலியாகச் சொன்னாலும் கணக்குச் சரி. வாசகனின் நேரத்தை மதிக்கும் நான்காம் விதி, புத்தகத்தை விரைவாகத் தேடி எடுப்பதோடு முடிவதில்லை. நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்பதும் அதில் அடங்கும்.

தொலைவும் அப்படியே. வளர்ந்த ஆண் இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போய் வருவார். பள்ளி விட்டு வந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணை, பெருங்களத்தூர் நெடுஞ்சாலையைக் கடந்து தனியே அனுப்ப எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? தமக்கையோ அண்ணனோ கூட வந்தால்தான் உண்டு. நூலகத்தின் ஆரம் ஆளுக்கு ஆள் வேறு. ஆரம் பாதியானால் வட்டத்தின் பரப்பு கால் பங்காகும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆண்பிள்ளை நான்கு நூலகங்களுக்குப் போக முடிகிற இடத்தில், பெண்பிள்ளைக்கு ஒன்றுதான் எட்டும். ஆதலால் ஒரே பெரிய நூலகமா, பல சிறிய நூலகங்களா என்னும் கேள்வியில், சிறியவை பல என்பதே பெண்களுக்கும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நன்மை.

பெரியவையும் வேண்டும்தான். 2010 செப்டம்பர் 15-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் 12 இலட்சம் நூல்கள் வைக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கும் அங்கே இடம் உண்டு. ஓர் அறையில் ஆறு பேர் வாழும் வீட்டு மாணவனுக்கு அமைதியான ஒரு நாற்காலியும் நூலகச் சேவையே. 2011 நவம்பரில் அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக அரசு அறிவித்தபோது, வாசகர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நின்றது. ஆயினும் முடிச்சூரிலிருந்து அங்கே செல்ல, முதலில் பேருந்தில் தாம்பரம், பின்பு மின்ரயில், மறுபடி பேருந்து. ஞாயிற்றுக்கிழமைக்குரிய பயணம் அது.

அந்நூலகத்தில் பிரெயில் நூல்களுக்கென்று தனிப்பிரிவு உண்டு. பார்வையற்றோரைப் பொறுத்தவரை இரண்டாம் விதி நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. அச்சு நூலை ஒலி வடிவிலோ பிரெயிலிலோ மாற்றுவதற்குப் பதிப்புரிமைச் சட்டமே குறுக்கே நின்றது. 2012-இல் இந்தியா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை நீக்கியது. 2013-இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் இதற்காக ஓர் உலக உடன்படிக்கை உருவானபோது, 2014-இல் அதை முதன்முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. இப்போது தடை சட்டத்தில் இல்லை. மாற்றப்பட்ட தமிழ் நூல்கள் போதிய அளவு இல்லை என்பதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு

இனிப் பணத்திற்கே திரும்புவோம். மாவட்டத்திற்குள் குழாய் இருந்தது. மாவட்டத்திற்கும் மாவட்டத்திற்கும் இடையே? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் ஒரு வழி சொல்லியது. ஒவ்வொரு மாவட்ட ஆணைக்குழுவும் எவ்வளவு வரி பெறுகிறதோ, அதற்குக் குறையாத தொகையை அரசும் மானியமாகத் தர வேண்டும். பார்த்த அளவில் நியாயமாகவே படுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, கணக்கின் எளிமைக்காகக் கொண்டவை.

அ என்னும் மாவட்டத்தில் 2 இலட்சம் மக்கள். நூலக வரி 20 இலட்சம் ரூபாய். ஆ என்னும் வறண்ட மாவட்டத்திலும் 2 இலட்சம் மக்கள். ஆனால் நூலக வரி 2 இலட்சம் ரூபாய்தான். தலைக்கு அ-வில் 10 ரூபாய், ஆ-வில் 1 ரூபாய். வேறுபாடு 9 ரூபாய். இப்போது அரசு வரிக்குச் சமமான மானியம் தருகிறது. அ-வில் 20 ரூபாய், ஆ-வில் 2 ரூபாய். விகிதம் மாறவில்லை, வேறுபாடோ 18 ரூபாயாகிவிட்டது. அரசு கொடுத்த 22 இலட்சத்தில் 20 இலட்சம், முன்பே அதிகம் வைத்திருந்தவருக்குப் போயிற்று.

அதே 22 இலட்சத்தை வேறு விதமாகப் பிரிப்போம். வரியும் மானியமும் சேர்ந்து மொத்தம் 44 இலட்சம். மக்கள் 4 இலட்சம். தலைக்கு 11 ரூபாய். அ-வுக்கு ஒரு ரூபாய் வீதம் 2 இலட்சம் கொடுத்தால் போதும். ஆ-வுக்குப் பத்து ரூபாய் வீதம் 20 இலட்சம். அரசுக்குக் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் தலைக்கு 11 ரூபாய் நூலகம்.

மாணவர்கள் இ என்னும் மூன்றாவது பகுதியைச் சேர்த்துப் பார்க்கட்டும். அது ஒரு பெருநகரம். அங்கும் 2 இலட்சம் மக்கள், வரி 40 இலட்சம், அதாவது தலைக்கு 20 ரூபாய். மானியம் அதே 22 இலட்சம்தான். மொத்தம் 84 இலட்சத்தை 6 இலட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 14 ரூபாய். அ-வுக்கு மானியம் 8 இலட்சம். ஆ-வுக்கு 26 இலட்சம். நகரத்திற்கு, எதிர்க்குறியோடு, 12 இலட்சம். அதாவது நகரம் 12 இலட்சத்தைத் தன் கையிலிருந்து மற்றவருக்குத் தர வேண்டும். நகரத்து வரி கட்டுவோர் இதற்கு இசைவார்களா? கணிதத்தின் வேலை இங்கே முடிந்து அரசியலின் வேலை தொடங்குகிறது.

1948-இல் சட்டம் எழுதியவர்கள் இந்த இடத்தை அறியாதவர்களல்லர். சமமான மானியம் எல்லா மாவட்ட ஆணைக்குழுக்களுக்கும் உண்டு, சென்னை நகர ஆணைக்குழுவிற்கு மட்டும் இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். எதிர்க்குறி வரவேண்டிய இடத்தில் பூச்சியத்தைப் போட்டார்கள்.